அம்பாசிடரின் பானட்டுக்குள் எந்த எஞ்சின்? மாதிரிக் கார் உதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

மாதிரிக் கார் கிட்களில், குறிப்பாக அமெரிக்கக் கார்களின் 1/25 அளவுக் கிட்களில், ஒரே காருக்கு இரண்டு விதமாக எஞ்சின் அமைக்கப் பாகங்கள் தருவது உண்டு. ஒன்றைப் பொருத்திய பிறகு மற்றது பெட்டியிலேயே தங்கிவிடும். இப்படிச் சேரும் மிச்ச உதிரிகள், கிட்டாகவே வராத கார்களைச் செய்பவர்களுக்குப் பெரிய உதவி. புதுக்கோட்டை, திருமயம், அறந்தாங்கி சாலைகளில் ஓடிய அம்பாசிடர், பத்மினி, மஹிந்திரா ஜீப் ஆகியவற்றை மாதிரியாகச் செய்வோர் இந்த வகையினர்தான். கடையில் கிடைக்கும் அம்பாசிடர் பொம்மைகளில் பெரும்பாலும் எஞ்சின் இருப்பதில்லை. பானட்டை வெட்டித் திறக்கிறவர் உள்ளே வைப்பதற்கான எஞ்சினை வேறு இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உதிரிப் பெட்டியைக் கிளறுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, அந்தக் காரில் உண்மையில் எந்த எஞ்சின் இருந்தது என்பது. 1958-இல் வந்த அம்பாசிடருக்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் மூலம். நெடுங்காலம் அதில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். 1980-இல் அதே 1489 சி.சி. அளவில் டீசல் எஞ்சின் வந்தது. 1992-இல் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சேர்ந்தது. 2014-இல் தயாரிப்பு நின்றது. மாதிரிக்கு டி.என். 55 என்ற புதுக்கோட்டைப் பதிவு எண்ணை எழுதினால், அது 1989-க்குப் பிந்திய வண்டி என்றாகிவிடும். மஞ்சள் பலகையும் வைத்தால் அது வாடகை வண்டி. அதற்குள் டீசல் எஞ்சின் இருப்பதே பொருத்தம். வெள்ளை எழுத்துகள் கொண்ட பழைய கறுப்புப் பலகை வைத்த வீட்டுக் கார் என்றால் பெட்ரோல் எஞ்சின் சரி. இந்தப் பொருத்தத்தைக் கவனிக்காமல் கைக்குக் கிடைத்த எஞ்சினை ஒட்டுவதுதான் நல்ல மாதிரிகளையும் கெடுக்கிறது.

அடுத்தது அடையாளம். பெட்டியில் அதிகம் கிடப்பவை வி-8 எஞ்சின்கள். இரு பக்கமும் சாய்ந்த இரண்டு ராக்கர் கவர்களைப் பார்த்தாலே அவை தெரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஃபோர்டு; பின்பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஷெவர்லே. அகலமான கவர்களின் நடுவே பிளக் துளைகள் தெரிந்தால் கிரைஸ்லர் ஹெமி. இவற்றில் எதுவும் அம்பாசிடருக்கு ஆகாது. பாதியாக அறுத்து நான்கு சிலிண்டராக்கலாம் என்று தோன்றும். ஆனால் வி-8 சிலிண்டர்கள் விட்டத்தில் பெரியவை, அறுத்த பாதியும் தேவைக்கு மேல் நீளும். கார்புரேட்டர், டைனமோ, பேட்டரி, ஃபேன் போன்ற சில்லறைப் பாகங்களுக்கு மட்டும் அவற்றை ஒதுக்கி வைப்பது நல்லது.

பி-வரிசை எஞ்சினுக்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு. நான்கு சிலிண்டரும் ஒரே நேர்வரிசை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இரண்டுமே இடப்பக்கம். பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நான்கு கிளைகளுக்குப் பதில் மூன்றே இருக்கும், ஏனெனில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாய். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களின் எஞ்சின்களும் இதே குடும்பம். முதல் எம்.ஜி.ஏ.வின் கொள்ளளவுகூட அதே 1489 சி.சி.தான். அவற்றில் இருக்கும் இரட்டைக் கார்புரேட்டரை நீக்கி ஒன்றை வைத்தால் பெட்ரோல் அம்பாசிடருக்கு மிக அருகில் வந்துவிடலாம். டீசலுக்கு மாற்ற டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர், கார்புரேட்டர் மூன்றையும் எடுத்துவிட்டு, டீசல் பம்பும் அதிலிருந்து நான்கு நாசில்களுக்கும் போகும் குழாய்களும் சேர்க்க வேண்டும்.

ஜீப்பில் நிலைமை வேறு. போர்க்கால வில்லிஸ் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் ராக்கர் கவரே இல்லை. தட்டையான ஹெட்டின் மேல் நான்கு பிளக்குகள் நிற்கும். பானட் உயர்ந்த சி.ஜே.-3பி வகைக்கு இது பொருந்தாது. அதில் இருந்த ஹரிக்கேன் எஞ்சின் உயரம் கூடியது. பானட் உயர்ந்ததும் அதனால்தான். மஹிந்திராவின் எம்.எம். 540 என்றால் பெஜோவின் 2112 சி.சி. டீசல்.

அளவைச் சரிபார்ப்பதற்கு எளிய வழி சக்கர இடைவெளி. அம்பாசிடரின் முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2464 மி.மீ.; மாதிரியில் அளந்த மில்லிமீட்டரால் இதை வகுத்தால் மாதிரியின் அளவு கிடைக்கும். 1/24 என்றால் சுமார் 103 மி.மீ. வர வேண்டும். பத்மினிக்கு 2340, வில்லிஸ் ஜீப்புக்கு 2032 மி.மீ. 1/24 காரில் 1/25 எஞ்சினை வைத்தால் நான்கு விழுக்காடுதான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. 1/32 எஞ்சின் கால் பங்கு சிறுத்துவிடும். 1/35 ராணுவ ஜீப் கிட்டின் எஞ்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அதை எடுத்து 1/24 வண்டியில் வைப்பது வீண். சந்தேகம் இருந்தால் பழைய அம்பாசிடர் நிற்கும் பட்டறைக்குப் போய் ராக்கர் கவரின் நீளத்தை அளந்து 24-ஆல் வகுத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

மிச்ச உதிரி பொருந்தாவிட்டால் மூன்று வழிகள் உள்ளன. ரெசின் வார்ப்பில் நுணுக்கம் நன்றாக இருக்கும். வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும். முப்பரிமாண அச்சில் கேட்ட அளவுக்கே எடுக்கலாம் என்பது பெரிய வசதி. கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் அச்சிட்டுத் தருகிறார்கள். ஆனால் வடிவக் கோப்பு சரியாக இருக்க வேண்டும், அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுக்கவும் வேண்டும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக் கையாலேயே செய்வது மலிவு, பொறுமைதான் விலை. பிளாக்கும் ஹெட்டும் சரியான குடும்பத்தைச் சேர்ந்த மிச்ச எஞ்சின் கையில் இருந்தால் அதுவே முதல் தேர்வு. பிளாக் தவறாக இருந்து துணைப் பாகங்கள் மட்டும் நன்றாக இருந்தால், பிளாக்கைத் தகட்டில் கட்டி அந்தப் பாகங்களை அதில் ஏற்றுவது, தவறான எஞ்சினைச் செதுக்கித் திருத்துவதைவிட விரைவில் முடியும். நான்கு சிலிண்டர் பிளாக் வெளியில் பார்க்க ஏறக்குறைய செவ்வகப் பெட்டிதான். கண்ணை ஏமாற்றுவதும் ஏமாற்றாததும் மேனிஃபோல்டும் ராக்கர் கவரும்தான்.

ஒட்டுவதற்கு முன் பொருளை அறிய வேண்டும். கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன். அவற்றைக் கரைத்து ஒட்டும் கிட் பசை ரெசினிலும் உலோகத்திலும் பிடிக்காது, அங்கே ஃபெவிகுயிக் தேவை. மலிவுப் பொம்மையிலிருந்து எடுத்த பாகத்தைத் தண்ணீரில் போட்டால், காற்று அடைபடாமலே மிதந்தால் அது பாலிதீன் அல்லது பாலிபுரொப்பிலீன் இனம். வழக்கமான பசை எதுவும் அதில் நிலைக்காது, விட்டுவிடலாம். குரோம் பூசிய பாகங்களில் பூச்சை நீக்காமல் ஒட்டினால் பூச்சோடு கழன்று வரும். வீட்டில் உள்ள பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் போய்விடும்; கையுறை அவசியம், அறையில் காற்றோட்டமும் வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிவதும் நனைத்த உப்புத்தாளில் தேய்ப்பதும் நுரையீரலுக்குப் பாதுகாப்பு.

பிளக் வயர் உண்மையில் 7 மி.மீ. தடிமன், 1/24-இல் 0.3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. மின்கம்பியின் மெல்லிய செம்பு இழை ஒன்று இதற்குச் சரியாக இருக்கும். எஞ்சினைப் பசை இல்லாமல் வைத்து, ஏர் கிளீனரோடு பானட் மூடுகிறதா, ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே வண்ணம் பூசலாம்.