பக்கிங்காம் கால்வாயின் கதை



சென்னையில் கூவம், அடையாறு என்று இரண்டு ஆறுகள் உண்டு. இந்த இரண்டையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய். இன்னைக்கு அதைப் பார்க்கிறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க. ஆனா ஒரு காலத்தில் அதில் படகு ஓடியது!

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் இந்தக் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். பிறகு அது ஆந்திரா வரை நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவங்க பேரு ஒண்ணுகூட அதில் இல்லை.

நெல், உப்பு, விறகு எல்லாம் படகில் வந்தன. ரயிலும் லாரியும் பெருகியதும் படகு குறைந்தது. புயல்களும் கால்வாயைச் சேதப்படுத்தின. அப்புறம் சாக்கடையை விட்டார்கள், கரையில் வீடுகள் பெருகின. 1995-ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்குத் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள்.

படகு போனாலும் கால்வாயின் வேலை போகவில்லை. மழைத்தண்ணீரை ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோவது அதுதான். அகலம் குறைந்தால் தண்ணீர் தேங்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது போல ஆறு நிரம்பினால், கால்வாய்த் தண்ணீர் அதில் இறங்க முடியாமல் தெருவுக்கே திரும்பும்.

நம்ம ஊர் வாய்க்காலிலும் குப்பை கொட்டுகிறோமே, மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும்? யோசியுங்கள் தோழிகளே!

வாய்க்கால் காப்போம்! ஊரைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி