கேட்கத் தெரிந்தவரே நடத்தத் தெரிந்தவர்

நூறு பேரை நடத்தும் முகாமையாளராக நீங்கள் இருக்கலாம். சிறு கடையொன்றில் ஒரேயொரு உதவியாளரை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். “எத்தனை தரம் சொன்னாலும் செய்கிறார்கள் இல்லை” என்ற முறைப்பாடு இருவரிடமும் உண்டு. நாம் சொன்னது இருக்கட்டும். அவர்கள் சொல்வதை நாம் கேட்டோமா?

அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்து, தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஹோதோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளரின் மனதை அறியவென்று அதன் நிர்வாகம் 1928இல் அவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசத் தொடங்கியது. 1930 வரை ஏறத்தாழ 21,000 பேருடன் பேசினார்கள். முதலில் கேள்விகளை ஆயத்தம் செய்துகொண்டு கேட்டார்கள். தொழிலாளரோ கேட்டதை விட்டுத் தம் மனதில் கிடந்ததையே பேசினார்கள். ஆகவே முறையை மாற்றினார்கள். பேசுபவர் விரும்பியதைப் பேசட்டும். கேட்பவர் குறுக்கிடாமல், வாதாடாமல், புத்தி சொல்லாமல் கேட்கட்டும் என்று தீர்மானித்தார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

ஒரு தொழிலாளி தமது வேலைக்குரிய கூலி குறைவென்று முறையிட்டார். பொறுமையோடு கேட்டபோது வேறொன்று வெளிவந்தது. அவருடைய மனைவி வைத்தியசாலையில் இருந்தார். வைத்தியச் செலவு அவரை வாட்டிக்கொண்டிருந்தது. கூலிக் கணக்கைக் காட்டி அவருடைய வாயை அடைத்திருந்தால் அந்தக் கவலை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆனால் அதே தொழிற்சாலையில், ஆய்வுக்கென அமர்த்திய சிறு குழுவிலிருந்து இரு பெண்கள், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டார்கள். நமக்குப் பிடித்ததைக் கேட்பது எளிது. பிடிக்காததைக் கேட்பதே கடினம்.

இதை எழுதுகிற நானும் தவறியவனே. அச்சு வேலையில் உதவிய ஒருவர் ஒருநாள் பிந்தி வந்தார். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். ஏன் பிந்தினீர் என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் அவர் நேரத்துக்கு வந்தார். ஆனால் பிழை கண்டால் ஓடிவந்து சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டார். அவருடைய கைகள் எனக்குக் கிடைத்தன, மனம் கிடைக்கவில்லை.

எனவே மூன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்; நன்றியைப் பலர் அறியச் சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்லுமுன் காரணத்தைக் கேளுங்கள். கேட்டபின் உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். இயலாததை இயலாதென்று நேரே சொல்லுங்கள். காது கொடுப்பது நியாயமான கூலிக்கு ஒருபோதும் ஈடாகாது என்பதையும் மறவாதீர்கள்.

இன்றிரவு சற்றே சிந்தியுங்கள்: உங்களிடம் வேலை செய்பவர்களுள், முன்பு பேசி இப்போது மௌனமாகிவிட்டவர் யார்? நாளை அவரிடமிருந்து தொடங்குங்கள்.