தொலைந்த சான்றிதழ், தொலையாத படிப்பு



நித்திரை இல்லை, தலையிடி, எதிலும் மனம் செல்வதில்லை என்று எம்மிடம் வருவோரில் சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இராது. கதைத்துப் பார்த்தால், ஊரில் தாதியாகவோ வைத்தியராகவோ இருந்தவர் இங்கே வேறு வேலை செய்துகொண்டிருப்பார். "வயதும் போய்விட்டது, பத்திரமும் இல்லை, இனி என்ன டொக்டர்" என்பார். இம்முறை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

அகதியாக வந்த நாமும் பல ஆண்டுகள் தற்காலிக அனுமதியில்தான் வேலை செய்தோம். அந்நாளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டவர்களுக்கு 'அப்ரோபாட்சியோன்' எனும் முழு அனுமதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2012 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை மாற்றியது. இப்போது பார்க்கப்படுவது கடவுச்சீட்டு அல்ல, படிப்பு. இதற்கு வயதெல்லையும் கிடையாது.

எமது ஹெஸ்ஸன் மாநிலத்தில் இவ்விண்ணப்பங்களைக் கவனிப்பது, 2023 இல் தொடங்கப்பட்ட மாநில சுகாதார, பராமரிப்புத் திணைக்களம். அதன் தலைமையகம் டார்ம்ஸ்டாட்டிலேயே உள்ளது. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மொழி. தாதியருக்கு பொதுவாக பி2 நிலை வேண்டும். வைத்தியர்களுக்கு சி1 நிலையில் மருத்துவ மொழிப் பரீட்சை உண்டு: நோயாளியுடன் உரையாடல், அறிக்கை எழுதுதல், சக வைத்தியருக்கு விளக்குதல், ஒவ்வொன்றும் 20 நிமிடம். இது வீண் தொல்லை அல்ல. ஜேர்மன் மொழியில் 24 ஐ 'நாலும் இருபதும்' என்றே சொல்வார்கள். தொடக்க காலத்தில் ஓர் இரவுப் பணியில், தொலைபேசியில் சொன்ன 24 அலகு இன்சுலினை நாம் 42 என்று எழுதிவிட்டோம். பக்கத்தில் நின்ற தாதி திருப்பிக் கேட்டதால் நோயாளி தப்பினார். அன்றிலிருந்து எண்களைத் திருப்பிச் சொல்லிவிட்டே எழுதுகிறோம்.

இரண்டாவது, அறிவுப் பரீட்சை. படிப்பு இங்குள்ளதற்குச் சமம் என்று ஏற்கப்படாவிட்டால், வைத்தியர்கள் பொது மருத்துவத்திலும் சத்திரசிகிச்சையிலும் வாய்மொழி, செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம். தவறினால் இரண்டு முறை மீண்டும் எழுந்து நிற்கலாம். தாதியர் பரீட்சைக்குப் பதிலாகப் பயிற்சிக் காலத்தையும் தெரிவு செய்யலாம். இதை அவமானமாக எண்ண வேண்டாம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோருக்கு இலங்கையும் இந்தியாவும்கூடப் பரீட்சை வைக்கின்றன.

மூன்றாவது, பத்திரங்கள். முதலில் படித்த பல்கலைக்கழகத்திடமும் இலங்கை மருத்துவ சபையிடமும் பிரதிகள் கேட்டு எழுதுங்கள். பாட விபரங்களைத் தன் தவறின்றிக் கொண்டுவர முடியாத வைத்தியரையும் சட்டம் கைவிடவில்லை. அவர் அறிவுப் பரீட்சை மூலம் தன் தகுதியை நிரூபிக்கலாம். யுத்தத்தில் வீட்டோடு பெட்டியையும் இழந்த எம்மவருக்கு இது முக்கியமான வழி.

முழு அனுமதி கையில் கிடைத்த இரவு நாம் நன்றாக நித்திரை கொண்டோம். ஆனால் அதுவரை காத்திருந்த ஆண்டுகளில் இரத்த அழுத்தமும் கூடிவிட்டிருந்தது. ஆகவே விண்ணப்பம் ஒருபுறம் நடக்கட்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நித்திரையின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால், வெட்கப்படாமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். சும்மா இருந்து மனதை அரிக்க விடாதீர்கள்.