மல்லிகைக்குக் கவாத்து: வெட்டும் காலமும் அளவும்

கார்த்திகை பிறந்து அடைமழை ஓயும் வேளையில், குண்டுமல்லி பயிரிட்டிருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கேள்வி எழுகின்றது. செடி பச்சையாக நிற்கின்றது. நாள்தோறும் கைப்பிடி அளவேனும் பூக்கின்றது. பனிக்காலமாதலால் பூவின் விலையும் ஏறி நிற்கின்றது. இந்நிலையில் செடியை முழங்கால் உயரத்திற்கு வெட்டிவிடுவதா என்பதே அக்கேள்வி.

வெட்டத்தான் வேண்டும் என்பது நம் விடை. ஏன், எப்போது, எவ்வாறு என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன் நம்மால் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

நாம் இப்பணியிற் சேர்ந்த புதிது. திமிரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் கடன் பெற்றோரின் பயிரைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஓர் அம்மையாரின் நிலத்தில் இலையற்ற குச்சிகளே வரிசையாக நின்றன. "ஐயா, செடி பட்டுப்போகவில்லை, கவாத்து செய்திருக்கிறோம்" என்று அவர் கூறினார். பட்டம் பெற்றிருந்தோமேயன்றி மல்லிகையைப் பற்றி நாம் அறிந்தது சிறிது. "பயிர் இல்லை" என்று குறிப்பெழுதினோம். கடனின் இரண்டாந் தவணை நிறுத்தப்பட்டது. அவர் காதுக் கம்மலை அடகு வைத்து எரு வாங்கினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். பங்குனியில் மீண்டும் சென்றபோது அக்குச்சிகள் யாவும் தழைத்து, கொத்துக் கொத்தாக அரும்பு தாங்கி நின்றன. குறிப்பைத் திருத்தி எழுதினோம். ஆனால் அடகு வட்டியை அவருக்குத் திருப்பித் தர நம்மால் இயலவில்லை.

கவாத்தின் காரணம்

மல்லிகை பழைய கட்டையிற் பூப்பதன்று. புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியிலும், அதன் பக்கக் கிளைகளிலுமே அரும்பு தோன்றும். ஆதலால் புதுத்துளிர் எத்துணையோ அத்துணை பூ.

கிளையின் நுனி, வளர்ச்சியூட்டும் ஒரு பொருளைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. இதனை 1928-இல் டச்சு நாட்டு அறிஞர் பிரிட்ஸ் வென்ட் மெய்ப்பித்துக் காட்டினார். ஆக்சின் என்பது அதன் பெயர். அப்பொருளே கீழுள்ள பக்க மொட்டுகளை உறங்கச் செய்கின்றது என்பதை 1933-இல் திமான், ஸ்கூக் என்னும் இருவர் வெளியிட்டனர். நுனியை வெட்டினால் தடை நீங்குகின்றது. உறங்கிய மொட்டுகள் பல ஒருங்கே விழித்துக் கிளைக்கின்றன.

நெசவாளராகிய அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். பாவு முடிந்ததும் துணியை அறுத்தெடுக்கின்றனர். விழுதிலும் அச்சிலும் கோத்த இழைகளின் முனையை மட்டும் விட்டுவைத்து, அவற்றோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைக்கின்றனர். தறியில் துணியில்லாத அந்நாளைத் தறி அழிந்த நாள் என்று எவரும் சொல்வதில்லை.

காலம்

மூவகை மல்லிகைக்கும் காலம் ஒன்றன்று. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மழை விடாது பெய்து நிலம் சேறாயிருப்பின், வெறிக்கும்வரை சில நாள் பொறுப்பதில் தவறில்லை.

செய்முறை

1. வெட்டுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே நீர் பாய்ச்சுதலை நிறுத்துக.

2. குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், மற்ற இரண்டையும் 45 சென்டிமீட்டர் உயரத்திலும் வெட்டுக. அளவுகோல் இல்லாதவர்க்கு ஒரு முழம் என்பதே போதிய கணக்கு.

3. கத்தி கூரியதாயிருத்தல் வேண்டும். மழுங்கிய கொடுவாளால் கொத்தினால் கட்டை பிளந்து, நீர் இறங்கி அழுகும். கணுவிற்குச் சற்று மேலே, நீர் தங்காதவாறு சாய்வாக வெட்டுக.

4. காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, ஈர்க்குப்போல் மெலிந்த கிளை ஆகியவற்றை அடியோடு களைக. செடியின் நடுவே வெயிலும் காற்றும் புகவேண்டும்.

5. பருத்த கட்டைகளின் வெட்டுவாயிற் போர்டோ பசை தடவுக. நோயுற்ற கழிவுகளைத் தோட்டத்திற் போட்டுவைக்காமல் அகற்றி எரித்துவிடுக.

வெட்டியபின்

வெட்டிவிட்டு எருவிடாதிருத்தல், தறியை வெறுமையாக்கிவிட்டு நூல் வாங்காதிருத்தலை ஒக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, செடி ஒன்றுக்குத் தொழுவெரு 10 கிலோ இடவேண்டும். ஆண்டொன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். இதில் பாதியைக் கவாத்து முடிந்ததும், மறுபாதியை ஜூன்-ஜூலையிலும் இடுக. ஒரு பாதிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்காகும். உரத்தை மண்ணிற் கலந்து உடனே நீர் பாய்ச்சுக.

வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வைத்திருப்போரும் இம்முறையையே பின்பற்றலாம். உயரத்திற் பாதியாகக் குறைத்து, மேல்மண்ணைக் கிளறி மக்கிய எரு சேர்த்தல் போதும். ஆனால் எல்லாத் தொட்டிச் செடிக்கும் இது விதியன்று. மலைப்பாங்கில் ஈர நிழலிற் படரும் செலாஜினெல்லா போன்ற மென்செடிகளை அடியோடு வெட்டலாகாது. நுனியை மட்டும் கிள்ளி, காய்ந்ததை நீக்குதல் வேண்டும்.

கவாத்தும் கடனும்

ஆயிரம் செடி வைத்திருக்கும் சிறு விவசாயியின் கணக்கைப் பார்ப்போம். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் அது ஏறக்குறைய 40 சென்ட் நிலமே. அதற்குத் தொழுவெரு 10 டன், சூப்பர் 375 கிலோ, யூரியா 65 கிலோ, பொட்டாஷ் 100 கிலோ ஒரே சமயத்தில் வேண்டும். வெட்டுக் கூலி வேறு. வரவோ அடுத்த பூப்பருவம் வரையில் இல்லை. செலவு மிகுந்து வரவு அற்ற இந்நாட்களிற் சங்கம் கைகொடாவிடின், அங்கத்தினர் வட்டிக்கடையை நாடுவர். அன்றேல் வெட்டாமலே விட்டு, ஆண்டுக்காண்டு பூக் குறையக் காண்பர். இரண்டும் சங்கத்திற்கே இழப்பாகும்.

ஆதலின் மல்லிகைக் கடனின் ஒரு தவணை கவாத்து முடிந்தவுடன் கைக்குக் கிடைக்கவும், திருப்பிச் செலுத்தும் நாள் பூ மிகும் கோடையில் அமையவும் நிர்வாகக் குழுவினர் ஆவன செய்தல் நன்று. அங்கத்தினரும் வெட்டப்போகும் நாளைச் சங்கத்திற்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பாராக. பார்வையிட வருவோர் குச்சியைக் கண்டு ஏமாறாதிருக்க அது உதவும். கட்டையின் பட்டையை நகத்தாற் சிறிது கீறினால் உள்ளே பச்சை தெரியும். அன்று நாம் அவ்வாறு கீறிப் பார்த்திருந்தால் ஓர் அம்மையாரின் கம்மல் அடகுக்குச் சென்றிராது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டியவை

1. உங்கள் தோட்டத்தில் எவ்வகை மல்லிகை உளது? அதனைக் கடைசியாக எப்போது, எந்த உயரத்தில் வெட்டினீர்கள்?

2. உங்கள் செடிகளின் எண்ணிக்கைக்கு வேண்டிய எருவையும் உரத்தையும் கணக்கிடுக.

3. உங்கள் சங்கத்தின் கடன் தவணை நாள் பூப்பருவத்தோடு பொருந்துகின்றதா? இல்லையெனில் அடுத்த கூட்டத்தில் நீங்கள் முன்மொழியும் தீர்மானம் யாது?