நாஸை விரிவாக்க மூன்று வழிகள்: உங்களுக்கு எது சரி?

நான்கு ஸ்லாட் உள்ள வீட்டு நாஸ், அதில் நான்கு 4 டிபி டிஸ்க், ரெய்டு 5 அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். பாரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு போக, கிடைப்பது 12 டிபி. அதில் 10 டிபி நிரம்பிவிட்டது. நான்கையும் 8 டிபி ஆக்கினால் 24 டிபி கிடைக்கும். எந்த வழியில் போனாலும் முதல் வேலை முழு பேக்கப்தான். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதே ரெய்டின் பணி. கைதவறி அழித்த படங்களை அது மீட்டுத் தராது.

ஒவ்வொன்றாக மாற்றுவது

ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெரியதைச் செருகி, ரீபில்ட் முடிந்ததும் அடுத்ததற்குப் போகலாம். பயனர் கணக்குகளும் அனுமதிகளும் அப்படியே இருக்கும்; நாஸும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ரெய்டு 5-இல் ஒவ்வொரு ரீபில்டின்போதும் பாதுகாப்பு இருக்காது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாமே போய்விடும். இந்த ஆபத்தை நான்கு முறை தாண்ட வேண்டும். கூடுதல் இடமும் கடைசி டிஸ்க் மாறிய பிறகுதான் வரும். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் ரீபில்ட் மிகவும் இழுக்கும்; வாங்கும்போது சிஎம்ஆர்தானா என்று பாருங்கள்.

புதிய டிஸ்க் சேர்ப்பது

காலி ஸ்லாட் இருந்தால் செலவு குறைந்த வழி இது. லினக்ஸ் ரெய்டில் இந்த வசதி நெடுநாளாக உண்டு. இசட்எஃப்எஸ் ரெய்டுஇசட்டில் 2025 ஜனவரியில் வெளிவந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில்தான் வந்தது. அதில் பழைய தரவு, மறுபடி எழுதப்படும்வரை பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும். ஒற்றைப் பாரிட்டியை இரட்டையாக்க அதில் வழியில்லை. வேலை நடக்கும்போது யுபிஎஸ் இணைப்பு அவசியம்.

புதிதாக அமைத்து ரீஸ்டோர் செய்வது

ரெய்டு 6-க்கோ வேறு கோப்பு முறைமைக்கோ மாறுவதற்குத் தெளிவான வழி இது. ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால் 10 டிபி நகர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். ரீஸ்டோருக்கும் அதே அளவு. கிளவுடுக்கு 100 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்பினால் ஒன்பது நாளைத் தாண்டும்.

நான்கு டிஸ்க்கையும் புதிதாக வாங்குவோருக்கு என் பரிந்துரை இந்த வழிதான். நாஸை அணைத்து, பழைய நான்கிலும் ஸ்லாட் எண்ணைக் குறித்து, அழிக்காமல் எடுத்து வையுங்கள். பேக்கப் ஏமாற்றினாலும் அந்தத் தொகுப்பு இரண்டாவது பிரதியாக நிற்கும். ஒவ்வொன்றாக மாற்றும்போது இந்தக் காப்பு கிடைக்காது.

பேக்கப்பை நம்பும் முன்

- வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் லினக்ஸ் அனுமதிகள் பதிவாகாது, இஎக்ஸ்டி4 நல்லது.
- டேட்டாபேஸ் வைத்திருக்கும் செயலிகளை நிறுத்திவிட்டு நகலெடுங்கள்.
- நாஸ் அமைப்புகளையும் என்கிரிப்ஷன் சாவியையும் நாஸுக்கு வெளியே வையுங்கள்.
- ஆர்சிங்க்கின் செக்சம் ஒப்பீட்டை ஓட்டுங்கள். பிறகு ஒரு கோப்புறையை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள்.

காலி ஸ்லாட் இருந்தால் புதிய டிஸ்க்கைச் சேருங்கள். நாஸ் ஒரு நாளும் நிற்கக் கூடாதென்றால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதற்கு இரட்டைப் பாரிட்டி இருப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் பொறுக்க முடிந்தால் புதிதாக அமையுங்கள். ரீஸ்டோர் முடிந்து, ஒரு முழு ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) பிழையின்றி ஓடி, புதிய அமைப்பிலிருந்து ஒரு பேக்கப்பும் எடுத்த பிறகே பழைய டிஸ்க்குகளை அழியுங்கள்.