குப்பிக்குள் மிஞ்சும் காலி இடம்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சுடுகிறவர்களில் பலர் சுட்டு முடித்த கையோடு குனிந்து காலிக் குப்பிகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். தோட்டாவில் மறுபடி பயன்படக்கூடிய ஒரே உறுப்பு அந்தப் பித்தளைக் குப்பிதான். சுட்டபோது விரிந்த குப்பியைப் பழைய அளவுக்கு நெரித்து, மருந்தைப் பற்றவைத்துச் செத்த பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, வாயில் குண்டை அழுத்திச் செருகினால் தோட்டா மறுபடி தயார். (நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே இது வீட்டுக் கொட்டகையில் நடக்கும் பொழுதுபோக்கு.) புதிதாகக் கற்க வருகிறவருக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, கவனமாக இரு என்பது. என்னைக் கேட்டால் அதை நம்பி உட்காரக் கூடாது. ஒரே அசைவை நூறு தடவை செய்யும் கையிலிருந்து கவனம் தானாகக் கழன்றுவிடும். அது மனித சுபாவம். தப்பு நடந்தால் அது கண்ணில் பட்டே தீரும்படி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முதல் படி, குப்பியை நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது.

ஏன் என்பதை .38 ஸ்பெஷல் தோட்டாவின் வரலாறே சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது பிறந்தபோது கருமருந்துக்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டது. 21 கிரெயின் அளவு கருமருந்து குப்பியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதில் இரண்டாம் தடவை தவறிப்போய் மருந்து போட யாராலும் முடியாது, வழிந்து மேசையில் கொட்டும். பிறகு அந்தக் குப்பிக்குள் புகையில்லா மருந்து வந்தது. பிரான்சில் பால் வியெய் 1884இல் உருவாக்கிய வகையின் வாரிசு அது. எடைக்கு எடை பல மடங்கு வீரியம். ஆனால் குப்பியின் அளவு மட்டும் மாறவில்லை. இன்று இலக்குப் பயிற்சிக்காக அந்தக் குப்பியில் புல்ஸ்ஐ போன்ற வேகமான மருந்தைப் போடுகிறவர்கள் மூன்று கிரெயினுக்கும் குறைவாகவே போடுகிறார்கள். அது 0.2 கிராம் கூட இல்லை. குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை, மேலே வெறும் காற்று. இரண்டு மடங்கு விழுந்தாலும், ஏன் மூன்று மடங்கு விழுந்தாலும், குண்டு அதன் மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் விரைவாக எரியும் என்பதால், இரட்டை அளவு மருந்து தரும் அழுத்தம் இரட்டிப்போடு நிற்பதில்லை. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் அமைப்பான சாமி வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதை வெகுவாகத் தாண்டிப் போனால் ரிவால்வரின் உருளையே பிளக்கலாம். அப்படிப் பிளந்தபோதெல்லாம், குறைவான மருந்து ஏதோ மர்மமான முறையில் வெடித்துவிட்டது என்று ஒரு விளக்கம் உலவியது உண்டு. இரண்டு தடவை போட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட அது கௌரவமான விளக்கம், அவ்வளவுதான். ஆகவே ஒரு பங்கு போட்டாலே பாதிக் குப்பிக்கு மேல் நிறைக்கும் பருத்த மருந்தை எடுங்கள் என்கிறேன். இரண்டாம் பங்கு வழிந்து காட்டிக்கொடுக்கும். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. ஐஎம்ஆர் பெயரில் வந்த டிரெயில் பாஸ் என்ற மருந்து, நடுவில் ஓட்டை போட்ட மணிகளாக, பழைய பெரிய குப்பிகளை மெதுவான தோட்டாக்களுக்காக நிரப்பவென்றே செய்யப்பட்டது.

செலவு கூடுமே என்பார்கள். கூடும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்; தோட்டாவுக்கு மூன்று என்றால் 2,300க்கு மேல் போடலாம், ஐந்து என்றால் 1,400தான். அந்த வித்தியாசத்தைத் துப்பாக்கியின் விலையோடும் விரல்களோடும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: குப்பி நிறைந்தால் மட்டும் தோட்டா பாதுகாப்பாகிவிடுமா? ஆகாது. எந்த மருந்து, எந்த எடைக் குண்டு, எவ்வளவு என்பதை லைமன் போன்றவர்களின் கையேடோ மருந்து தயாரித்தவரின் அட்டவணையோதான் சொல்ல வேண்டும். அதிலும் தொடக்க அளவிலிருந்து ஏற வேண்டும், உச்சத்திலிருந்து இறங்கக் கூடாது. 9 மி.மீ. தோட்டாவில் இன்னொரு சிக்கல். குப்பி சின்னது, வரம்போ 35,000 பவுண்டு. குண்டு கொஞ்சம் உள்ளே அமுங்கிவிட்டாலே இடம் சுருங்கி அழுத்தம் தாவும். அங்கே காலி இடம் அதிகமாவதல்ல, குறைவதுதான் ஆபத்து. அதனால் தோட்டாவின் நீளத்தை அளக்க வெர்னியர் காலிப்பரும் மருந்துத் தராசைப் போலவே மேசையில் இருக்க வேண்டும்.

முடிந்த தோட்டாக்களை எடைபோட்டுத் தவறைப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கணக்குப் பார்த்தால் அது நிற்காது. வெவ்வேறு கம்பெனிக் குப்பிகளுக்கு இடையே இருக்கும் எடை வித்தியாசமே போட்ட மருந்தின் எடையை விழுங்கிவிடும். பார்க்க வேண்டிய நேரம் குண்டு ஏறுவதற்கு முன்பு: ஐம்பது குப்பிகளைத் துளைப் பலகையில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றின் வயிற்றையும் எட்டிப் பார்ப்பது. பருத்த மருந்து இங்கேயும் உதவுகிறது, மட்டம் மாறினால் உடனே தெரியும். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் எளிய பிரெஸ் என்ற நெம்புகோல் கருவியில் தொடங்கச் சொல்வதும் இந்தப் பலகைக்காகத்தான். குப்பித் தட்டு தானாகச் சுழலும் பிரெஸ்ஸில் இரட்டைப் பங்கு விழவே வாய்ப்பு குறைவு என்று வாதிடுவார்கள், ஆர்சிபிஎஸ் லாக்-அவுட் டை போல அளவு தப்பினால் நெம்புகோலைப் பூட்டிவிடும் கருவியும் இருக்கிறது என்பார்கள். இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை இரண்டும் உண்மை. ஆனால் புதியவர் கையில் அது பாதியில் சிக்கும். நெம்புகோலைப் பாதி இறக்கி, ஒரு குப்பியை உருவி, திரும்பச் சொருகி, விட்ட இடத்திலிருந்து தொடரும் அந்த அரை நிமிடத்தில்தான் இரட்டைப் பங்கு விழுகிறது, அல்லது ஒன்றுமே விழாமல் போகிறது. சிக்கினால் தட்டில் இருக்கும் அத்தனை குப்பிகளையும் காலி செய்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

ஒன்றும் விழாத தோட்டா சாதுவானதல்ல. பிரைமர் மட்டுமே குண்டைத் தள்ளிக் குழலுக்குள் பாதியில் நிறுத்திவிடும். வழக்கமான வெடிக்குப் பதில் மந்தமாக ஒரு சத்தம் வரும். அப்போது அடுத்த தடவை விசையை அழுத்தாமல், துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை இறக்கி, குழலில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்; விட்டுவிட்டால் அடுத்த குண்டு முன்னதன் முதுகில் மோதிக் குழல் புடைக்கும்.

மீதி எல்லாம் சின்னச் சின்ன வீட்டு ஒழுங்குகள்: பழைய பிரைமரின் ஈயத் தூசியை உணவோடு சேர்க்காமல் கை கழுவுவது, தராசைச் சோதனை எடையால் அவ்வப்போது சரிபார்ப்பது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் அளவைக் குடுவையில் மிஞ்சியதை அதனதன் டப்பாவிலேயே கொட்டிவிட வேண்டும். பல மருந்துகள் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறச் செதில்கள்தான். மறுநாள் காலையில் குடுவையில் கிடப்பது எது என்று முகர்ந்தும் சொல்ல முடியாது. அடையாளம் போன அந்த மருந்தைப் பலர் புல்தரையில் மெல்லத் தூவிவிடுகிறார்கள். நைட்ரஜன் உள்ள சரக்கு, புல்லுக்கு ஆகும்.