சுவருக்கு நீலமா, சந்தனமா?

மாதுங்காவில் எங்கள் கூடத்துக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்கே. மனைவி வெளிர்நீலம் கேட்டாள், எனக்குச் சந்தனம். ரயில்வேயில் பழகிய புத்தி, வண்ண அட்டையை மட்டும் நம்பவில்லை. இரண்டிலும் சிறு டப்பா வாங்கி, எதிர்ச்சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் காலையிலும் மாலையிலும் டியூப்லைட்டிலும் பார்த்தோம். நேர்வெயில் படாத வடக்கு வெளிச்சத்தில் நீலம் கூடுதல். சந்தனத்தின் மஞ்சள் அதைச் சமன்செய்கிறது. மழை மூட்டத்தில் நீலச் சதுரம் சாம்பலாகிவிட்டது.

அட்டையில் 'எல்.ஆர்.வி.' எண் இருந்தால் பாருங்கள். சுவர் திருப்பித்தரும் ஒளியின் அளவு அது: கறுப்பு 0, வெள்ளை 100. எங்களுடையதில் நீலம் 58, சந்தனம் 74. கண்புரையால் நிலைப்படியில் இருமுறை இடறியவளுக்கு அந்த 16 பெரிது. கண்புரை நீலத்தை மங்கவும் வைக்கும். கூடம் சந்தனமாயிற்று. மேற்கு ஜன்னலுள்ள படுக்கையறைக்கு அவள் கேட்ட நீலமேதான்.